ரிப்போர்ட்டில் இன்னும் ‘பாசிட்டிவ்’ என்றே வருகிறதே, டாக்டர்?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 44. மூன்று வருடங்களுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அம்மாதான் சிறுநீரகம் கொடுத்தார். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு மாதத்துக்கு மேல் அண்ணனுக்குத் தலைவலி. காய்ச்சல் பெரிதாக இல்லை. கண்ணாடி மாற்றினோம், சைனஸ் மாத்திரை கொடுத்தார்கள். வாந்தியும், ஒன்று இரண்டாகத் தெரிவதும் வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, ‘உறை உள்ள பூஞ்சை, கிரிப்டோகாக்கஸ், மூளைச் சவ்வைப் பிடித்திருக்கிறது’ என்றார்கள். அட்மிட் ஆகியிருந்த நாட்களில் திரும்பத் திரும்ப முதுகில் நீர் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் ‘கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் பாசிட்டிவ்’ என்றே வருகிறது. மருந்து வேலை செய்யவில்லையா? ஒரு மாதம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? அத்தனை முறை நீர் எடுத்தது அவசியம்தானா? இணையத்தில் தேடிப் பார்த்த உறவினர்கள் ‘இது எய்ட்ஸ்காரர்களுக்கு வருவது’ என்று பேசுகிறார்கள். மொட்டை மாடியில் புறா வளர்க்கிறோம். அதனால்தான் வந்ததா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். நான்கு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிஜென் (பூஞ்சையிலிருந்து உதிரும் பொருள்) பாசிட்டிவ் என்று வந்ததை மட்டும் வைத்து, மருந்து தோற்றுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. குணமாகி வருகிறவர்களிடமும் பல மாதம், சிலரிடம் வருடக்கணக்கில், அப்படித்தான் வரும். அதற்குக் காரணம் அந்தப் பூஞ்சையின் உறை. அந்த ஒரு மாதம் யாருக்கும் தெரியாமல் போனதற்கும் முதுகில் அத்தனை முறை நீர் எடுத்ததற்கும்கூட அதே உறைதான் காரணம். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் வார்டில் மருந்து எழுதுகிறவன் இல்லை, ஆய்வகத்தில் கிருமியைப் பார்க்கிற நுண்ணுயிரியல் மருத்துவன். எனவே பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த நோயில் முதுகிலிருந்து எடுத்த நீர் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் தெரியும் கலங்கல் இதில் அநேகமாக இருக்காது. அதை மெஷினில் சுழற்றி, அடியில் தங்குவதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, ஒரு துளி இந்தியா இங்க் கலக்கிறோம். படம் வரைகிறவர்கள் தொட்டு எழுதும் கறுப்பு மைதான் அது. மூடுதகடு போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பார்க்கும் இடமெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பில் அங்கங்கே பளிச்சென்று வெள்ளை வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஓர் உருண்டை. உருண்டைதான் பூஞ்சை. இது நூல் நூலாக வளரும் பூஞ்சை இல்லை, ஈஸ்ட் வகை. சுற்றியிருக்கும் வெள்ளை, மைத் துகளால் உள்ளே நுழைய முடியாத இடம். உறை என்பது அதுதான். சில இடங்களில் தாய்ச் செல்லும், ஒடுங்கிய கழுத்தோடு அதிலிருந்து பிதுங்கி வரும் மொட்டும் ஒரே வெள்ளை வட்டத்துக்குள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, போனை எடுத்து வார்டுக்குச் சொல்லிவிடலாம். புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள் சில சமயம் வெள்ளையணுவைப் பார்த்து ஏமாறுவார்கள். அதைச் சுற்றியும் ஒரு வளையம் தெரியும். ஆனால் அதன் ஓரம் மங்கலாக இருக்கும், மொட்டும் இருக்காது.

மை இல்லாமல் பார்த்தால் இந்த உறை கண்ணுக்கே தெரியாது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மீதி நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் குளுகுரோனோசைலோமன்னன் என்ற ஒரே பொருள். இந்தப் பெயரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், உறைச் சர்க்கரை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். (சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) சப்ஜா விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கறுப்பு விதையைச் சுற்றிக் கண்ணாடி போல வழவழப்பாக ஒன்று திரளுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் சப்ஜா விதை ஊறி உப்புவதோடு நின்றுவிடும். இந்தப் பூஞ்சையோ சங்கிலிகளைப் புதிது புதிதாகச் செய்து சேர்த்துக்கொண்டே போகிறது. உள்ளே தயாரான சர்க்கரையைச் சிறு பைகளில் அடைத்து வெளியே அனுப்புகிறது. செல் சுவரில் இருக்கும் ஆல்ஃபா குளுக்கான் என்ற பொருள் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பொருளைச் செய்யும் ஜீனை ஆய்வகத்தில் நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை தயாராகிறது, வெளியிலும் வருகிறது, ஆனால் ஒட்டாமல் கரைந்துபோகிறது.

மண்ணிலும் காய்ந்த எச்சத்திலும் இருக்கும்போது இதன் உறை மெல்லியதாகத்தான் இருக்கும். பூஞ்சைக்கு அது வசதி. சுருங்கிய சிறு செல்லாகவோ வித்தாகவோ தூசியோடு மூச்சில் ஏறி, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடலாம். உள்ளே போன பிறகு அது சுதாரித்துக்கொள்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான், நம் உடலுக்குள்ளோ 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த அளவு வாயு பட்டாலே உறை பெருக்கிறது என்பதை 1985-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொரு தூண்டுதல் இரும்புப் பஞ்சம். நம் ரத்தம் இரும்பைக் கிருமிகளின் கைக்கு எட்டாதபடி புரதத்தில் கட்டி வைத்திருக்கிறது. கிருமியைப் பட்டினி போட உடல் செய்யும் ஏற்பாடு அது. இந்தப் பூஞ்சையோ அதையே, மனித உடலுக்குள் வந்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு உறையைத் தடிப்பாக்குகிறது. எத்தனையோ வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தந்திரத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் கலந்த ஒரு வியப்பு வரும்.

உறை தடித்தால் என்ன லாபம்? நம் உடலில் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் இருக்கின்றன. பூஞ்சையின் சுவரில் உள்ள சில சர்க்கரைகளைத் தடவிப் பார்த்துத்தான் ‘இது அந்நியன்’ என்று அவை கண்டுகொள்ளும். உறை அந்தச் சுவரையே மூடிவிடுகிறது. கிருமியின் மேல் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் சில ரத்தப் புரதங்களும் உண்டு. தடித்த உறையில் அவை ஆழத்தில் போய் ஒட்டிக்கொள்வதால் விழுங்கும் செல்லுக்கு அவை எட்டுவதில்லை. தப்பித் தவறி விழுங்கப்பட்டாலும் இது எளிதில் சாவதில்லை. அந்தச் செல் தன் வயிற்றுக்குள் சுரக்கும் நச்சு ரசாயனங்களை உறை தாங்கிக்கொள்கிறது. அமிலத்துக்குள்ளேயே மொட்டு விட்டுப் பெருகவும் செய்கிறது. 2006-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இன்னொன்றையும் படம்பிடித்தன. விழுங்கிய செல் சாகாமல் இருக்கும்போதே பூஞ்சை அதிலிருந்து முழுதாக வெளியே வந்துவிடுகிறது. அந்தச் செல்லுக்குள் உட்கார்ந்தபடியே ரத்த ஓட்டத்தில் மூளை வரைக்கும் பயணம் செய்யவும் இதனால் முடியும்.

உறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நேரடிச் சான்று 1994-இல் கிடைத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தில் சாங், குவான்-சுங் என்ற இரு ஆய்வாளர்கள், உறை போட முடியாத ஒரு வகைப் பூஞ்சைக்கு அதில் பழுதாகியிருந்த ஒரே ஒரு ஜீனின் நல்ல பிரதியைக் கொடுத்தார்கள். உறை திரும்பி வந்தது. அதுவரை சுண்டெலிகளை ஒன்றும் செய்யாமல் இருந்த அதே பூஞ்சை, அவற்றைக் கொல்லும் கிருமியாக மாறியது.

சரி, உங்கள் அண்ணனின் அந்த ஒரு மாதத்துக்கு வருவோம். காய்ச்சல், கழுத்து விறைப்பு, சீழ் இவையெல்லாம் பெரும்பாலும் கிருமி நேரடியாகச் செய்பவை அல்ல. நம் எதிர்ப்புச் சக்தி அதோடு சண்டை போடும்போது வருபவை. இந்தப் பூஞ்சை உறையை மாட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. உறைச் சர்க்கரையை ரத்தத்திலும் மூளை நீரிலும் ஓயாமல் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. அப்படிக் கரைந்து சுற்றும் சர்க்கரை, வெள்ளையணுக்கள் ரத்தக் குழாயை விட்டு நோய் இருக்கும் இடத்துக்குப் போவதை மட்டுப்படுத்துகிறது. மூளை நீரில் கோடிக்கணக்கில் பூஞ்சை இருக்கும், சண்டைக்கு வந்த வெள்ளையணு விரல் விட்டு எண்ணும்படி இருக்கும். இப்படிப்பட்ட ரிப்போர்ட்டை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். போதாததற்கு உங்கள் அண்ணன் மாற்று சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார். சண்டையே நடக்காத இடத்தில் காய்ச்சல் எப்படி வரும்? தலைவலி மட்டும்தான் மிச்சம். கண்ணாடி மாற்றிய நீங்களும் சைனஸ் மாத்திரை எழுதியவரும் இதில் குற்றவாளிகள் இல்லை. ஆனால் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தலைவலி இரண்டு வாரத்தைத் தாண்டினால், அது சாதாரணத் தலைவலி என்ற முடிவுக்கு வருமுன் ரத்தத்தில் இந்த ஆன்டிஜென் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். சில துளி ரத்தம், ஒரு பட்டை, பத்து நிமிடம். வேலை அவ்வளவுதான்.

அடுத்து, முதுகில் நீர் எடுத்த விஷயம். உங்கள் கடிதத்திலேயே அதிகப் பயம் தெரிவது இந்த இடத்தில்தான். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எந்த நேரமும் ஏறக்குறைய 150 மில்லி நீர் இருக்கும். தினமும் 500 மில்லி போலப் புதிதாகச் சுரந்து, அதே அளவு பழைய நீர் மூளைச் சவ்விலுள்ள நுண்ணிய வடிகால்கள் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். பூஞ்சைச் செல்களும் கொழகொழப்பான உறைச் சர்க்கரையும் போய் அடைத்துக்கொள்வது அந்த வடிகால்களைத்தான். சுரப்பது நிற்காது, வடிவது நின்றுவிடும். மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதால் அழுத்தம் ஏறுகிறது. வாந்தி வந்ததும், ஒன்று இரண்டாகத் தெரிந்ததும் அதனால்தான். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும் நரம்பு நசுங்குவதால் அந்த இரட்டைப் பார்வை வருகிறது. கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம், உயிரும் போகலாம். நோயாளிகளின் மூளை நீரிலிருந்து நேரே எடுத்த பூஞ்சையின் உறையை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. உறை பெரிதாக இருந்தவர்களுக்கு மண்டை அழுத்தம் கூடுதலாகவும், எதிர்ப்புச் செல்களின் வரத்து குறைவாகவும் இருந்தது. கண்ணாடித் தகட்டில் நான் பார்க்கிற அந்த வெள்ளை வட்டத்தின் அகலத்துக்கும் வார்டில் படுத்திருப்பவரின் தலைவலிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இந்த அழுத்தத்தை மாத்திரையால் இறக்கப் பலர் முயன்று பார்த்தாயிற்று. வேறு காரணங்களால் ஏறும் அழுத்தத்துக்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு இதில் கெடுதல்தான் செய்தது. அழுத்தம் குறையும், வீக்கம் வடியும் என்று எதிர்பார்த்து எய்ட்ஸ் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2016-இல் வந்த முடிவின்படி, ஸ்டீராய்டு வாங்கியவர்களிடம் பூஞ்சை மெதுவாகவே குறைந்தது, உடல் ஊனம் அதிகமாயிற்று. (இதைப் படித்துவிட்டு அண்ணன் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.) ஆக, நீரை வெளியே எடுப்பதுதான் வழி. ஊசியோடு இணைத்த குழாயில் நீர் ஏறும் உயரத்தை வைத்து அளக்கும் அழுத்தம் 25 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரே தடவையில் 20, 30 மில்லி வரைகூட எடுப்பார்கள். மறுபடி ஏறினால் மறுநாளும் எடுப்பார்கள். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளைக் கவனித்துவந்த ஒரு குழு, முதல் பரிசோதனைக்குப் பிறகு ஒரு தடவையாவது இப்படி நீர் எடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்ததை 2014-இல் வெளியிட்டது. ‘நீர் எடுத்தால் மூளை வற்றிவிடும், கால் விளங்காமல் போய்விடும்’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவார்கள். 20 மில்லி எடுத்தால் ஒரு மணி நேரத்தில் அது மறுபடி ஊறிவிடும். ஊசி போடும் இடம் இடுப்புக்குப் பக்கத்தில், தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்கும் கீழே. அந்தப் பயத்தில் கையெழுத்துப் போட மறுத்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் சம்மதித்தது நல்லதாகப் போயிற்று.

இனி அந்தப் பாசிட்டிவ். ஆன்டிஜென் பரிசோதனை தேடுவது உயிருள்ள பூஞ்சையை இல்லை, உறைச் சர்க்கரையை. மருந்து பூஞ்சையைக் கொன்றுவிடும். உதிர்ந்து கிடக்கும் சர்க்கரையை ஒன்றும் செய்யாது. அதைச் செரிக்கிற நொதி நம் உடலில் இல்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கும் செல்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு மிக மெதுவாகத்தான் கழிக்கும். இறந்த பூஞ்சையின் கூடும் உறையோடு அப்படியே கிடக்கும். அதனால் சிகிச்சை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே இந்தியா இங்க்கிலும் வெள்ளை வட்டம் தெரிவது உண்டு. பூஞ்சை உயிரோடு இருக்கிறதா என்று தெரிய ஒரே வழி, மூளை நீரைக் கல்ச்சர் வைத்து வளர்கிறதா என்று பார்ப்பது. அண்ணனின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கல்ச்சர் ஸ்டெரைல்’ அல்லது ‘நோ க்ரோத்’ என்று இருக்கிறதா, பாருங்கள். அது இருந்து, அவருக்குத் தலைவலியும் இல்லை என்றால், ரத்த ஆன்டிஜெனை மாதாமாதம் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. பாசிட்டிவ் என்று வந்ததற்காக மருந்தைக் கூட்டவும் வேண்டாம். அதே போல, நெகட்டிவ் வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

உறவினர்களின் பேச்சைப் பற்றியும் சொல்கிறேன். உலக அளவில் இந்த மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவது எச்.ஐ.வி. முற்றியவர்களைத்தான். 2020-ஆம் ஆண்டுக்கான கணக்கீட்டில் அவர்களில் 1,52,000 பேருக்கு இது வந்தது, 1,12,000 பேர் இறந்தார்கள். அதனால் இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வரும். ஆனால் பூஞ்சைக்கு வேண்டியது பலவீனமான எதிர்ப்புச் சக்தி. அது எதனால் பலவீனமானது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மாற்று உறுப்புக்கான மாத்திரை, நீண்ட நாள் ஸ்டீராய்டு, சில ரத்தப் புற்றுநோய்கள் எல்லாம் ஒன்றுதான். அண்ணனுக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே எச்.ஐ.வி. பரிசோதனை நடந்திருக்கும். இந்த நோய் தெரிந்ததும் மறுபடியும் செய்திருப்பார்கள். ரிப்போர்ட் உங்கள் ஃபைலிலேயே இருக்கும். அதை உறவினர்களுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. எச்.ஐ.வி. உள்ளவராகவே இருந்தாலும் அதில் தலைகுனிய என்ன இருக்கிறது? ஒருவகையில் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மூளையைத் தாக்குவதற்குச் சில வாரங்கள் முன்பே உறைச் சர்க்கரை ரத்தத்தில் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் சி.டி.4 (எதிர்ப்புச் சக்திக்கு முக்கியமான ஒரு வகை வெள்ளையணு) எண்ணிக்கை 100-க்குக் கீழே இறங்கியவர்களுக்குத் தலைவலி வரும்வரை காத்திருக்காமல் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

புறாவைப் பொறுத்தவரை, இந்தப் பூஞ்சை அவற்றின் எச்சத்தில் நன்றாக வளரும் என்பது 1955-இலிருந்தே தெரிந்த விஷயம். பழைய, காய்ந்துபோன எச்சத்தில் அதிகம். ஆனால் உங்கள் வீட்டுப் புறாவைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்றால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இந்தப் பூஞ்சையைச் சந்தித்திருந்த அடையாளம் கிடைத்தது. பிரான்சில் குடியேறிப் பல வருடம் ஆன ஆப்பிரிக்கர்களுக்கு இந்த நோய் வந்தபோது, அவர்களிடம் இருந்தது அவர்கள் விட்டு வந்த ஊரின் பூஞ்சை வகை என்று 1999-இல் கண்டார்கள். எப்போதோ மூச்சில் போய், நுரையீரலில் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்துவிட்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் தலைதூக்கும் கிருமி இது. அண்ணன் எங்கே, எந்த வயதில் இதைச் சுவாசித்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்தாலும், மாற்று சிறுநீரகத்தோடு இருப்பவர் வீட்டில் புறாக் கூண்டு வேண்டாம் என்பதே என் கருத்து. கூண்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காய்ந்த எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டு, வேறு யாராவது அள்ளட்டும். அண்ணன் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. குழந்தைகள் அவர் மடியில் தாராளமாக உட்காரலாம்.

கடைசியாக, மாத்திரை. அவர் இப்போது ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். உறுப்பு மாற்றியவர்களுக்கு அது பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் தொடரும். சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் மாத்திரை டாக்ரோலிமஸ் என்றால், ஃப்ளூகோனசோல் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். அதற்குத் தகுந்தபடி டோஸைக் குறைத்திருப்பார்கள். என்றைக்கு ஃப்ளூகோனசோலை நிறுத்துகிறார்களோ, அன்றிலிருந்து டாக்ரோலிமஸ் அளவு இறங்க ஆரம்பிக்கும், உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும் ஆபத்து வரும். ஆகவே நிறுத்தும் தேதியை முடிவு செய்யும்போது தொற்றுநோய் மருத்துவர், சிறுநீரக மருத்துவர் இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு வரும் வாரங்களில் டாக்ரோலிமஸ் அளவைக் கட்டாயம் பாருங்கள். இடையில் பழைய தலைவலியோ வாந்தியோ பார்வைக் கோளாறோ காது மந்தமோ வந்தால், ஆன்டிஜென் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், மண்டை அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.